ஆற்காட்டுக் கைவினைஞரும் நம் பிள்ளைகளின் அறிவியல் வகுப்பும்



பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகப் பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் நம்மில் பலர் அன்றாடம் பயணம் செய்கிறோம். அச்சாலை சென்று சேரும் சிறு குன்றின் அருகில், 1802 ஏப்ரல் 10 அன்று, உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற ஓர் அளவைப் பணி தொடங்கிற்று. இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களால் அளந்து, இறுதியில் இமயத்தின் சிகரங்களுக்கே உயரம் குறித்த பணி அது. அப்பணியின் கருவிகளைப் பிற்காலத்தில் பேணிக் காத்தவர்களுள் ஒருவர் ஆற்காட்டைச் சேர்ந்த முஸ்லிம் கைவினைஞர். அவர் பெயர் சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன்.

எவரெஸ்ட் என்னும் பெயரை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். முஹ்ஸின் ஹுஸைனின் பெயரை அறிந்த பிள்ளையைக் காண்பது அரிது. ஆயினும் பெருமைப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் அறிவியல் பயிலும் பிள்ளைக்கு இவ்வரலாறு கையால் செய்து பார்க்கும் பாடமாக எவ்வாறு அமையும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பரங்கிமலையில் விரிந்த சங்கிலி

பணியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1799 மே மாதம் திப்பு சுல்தான் ஷஹீதான ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் எதிரணியில் நின்றவர். மைசூர் வீழ்ந்து மூன்றாண்டுகள் ஆவதற்குள், வென்ற நிலத்தையும் இரு கடற்கரைகளையும் அளவையால் இணைக்கும் திட்டத்துடன் அவர் பரங்கிமலைக்கு வந்தார். ஆட்சியைப் பரப்புவோருக்கு நிலவரைபடம் ஓர் ஆயுதம். இவ்வுண்மையை நம் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஓர் அளவை முறை சரியா, தவறா என்பது ஒரு கேள்வி. அதை யார், எதற்காகப் பயன்படுத்தினர் என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் கேட்கத் தெரிந்த பிள்ளையே வரலாற்றையும் அறிவியலையும் ஒருசேரக் கற்றவனாவான்.

லாம்டனின் முறை எளிமையானது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளக்காமலே கணக்கிட்டு விடலாம். அவ்வாறு கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்தின் அடிப்பக்கமாகும். இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணம் வைத்து நாடு முழுவதும் செல்லலாம். ஆனால் முதல் முக்கோணத்தின் முதல் பக்கத்தை மட்டும் தரையில் நேராக அளந்தே தீர வேண்டும். அதில் நேரும் பிழை பின்வரும் ஒவ்வொரு முக்கோணத்திலும் தொடரும்.

வடக்கே பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையிலான ஏழரை மைல் சமவெளியில் அந்த முதல் பக்கம் அளக்கப்பட்டது. இது சுமார் 12 கிலோமீட்டர். கருவி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதில் இரண்டரை அடிக் கம்பிகள் 40 இருந்தன. ஏறத்தாழ 400 முறை அதை நீட்டி, எடுத்து, மீண்டும் நீட்டினர். சங்கிலி தரையில் படாதவாறு முக்காலிகளின் மேல் வைத்த மரப்பெட்டிகளில் கிடத்தினர். வெயில் படாதவாறு கூடாரம் அமைத்தனர். பக்கத்திலேயே வெப்பமானி வைத்தனர்.

வெப்பமானி எதற்கு? வெப்பத்தில் எஃகு நீளும். 100 அடி எஃகு, வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். மிக அற்பமாகத் தோன்றும் அளவு. அதையே 400-ஆல் பெருக்கினால் சுமார் 14 சென்டிமீட்டர் வரும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்துப் பாகை மாறினால் பிழை ஒன்றரை மீட்டரை நெருங்கும். பத்தாம் வகுப்பின் ‘வெப்ப இயற்பியல்’ பாடத்தில் திடப்பொருள் விரிவடைதலை வாய்பாடாக மட்டும் படிக்கும் பிள்ளைக்கு, சென்னையின் சித்திரை வெயிலில் கூடாரத்துக்குள் கிடந்த அச்சங்கிலி அதன் பொருளை உணர்த்திவிடும்.

ஆற்காட்டிலிருந்து சென்றவர்

சங்கிலியால் நீளம் அளந்தனர். கோணம் அளக்கத் தியோடலைட் என்னும் கருவி தேவைப்பட்டது. லாம்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட் அரை டன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து கப்பலில் வந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதியதில் அதன் வட்டத் தகடு நெளிந்தது. கருவி சிதைந்தால் பணியும் நின்றுபோகும் என்ற நிலை. லாம்டன் வாரக்கணக்கில் அமர்ந்து அதைச் சிறுகச் சிறுகத் தட்டி நிமிர்த்தினார். அளவையாளருக்குக் கணிதம் தெரிந்தால் மட்டும் போதாது, உலோகத்தின் குணம் அறிந்த கை அருகில் இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

அத்தகைய கை பின்னர் ஆற்காட்டிலிருந்து கிடைத்தது. கர்நாடக நவாபுகளின் தலைநகராக விளங்கிய ஆற்காடு பலவகைக் கைவினைஞர் வாழ்ந்த ஊர். அவ்வூரைச் சேர்ந்த முஹ்ஸின் ஹுஸைன் சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை செய்து வந்தார். நுண்ணிய உலோக வேலையில் அவருக்கிருந்த திறமையை வாலண்டைன் பிளாக்கர் என்னும் அளவைத் துறைத் தலைவர் கண்டறிந்து, 1820-களில் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்திய அளவைத் துறையின் தலைவரானார். இங்கிலாந்திலிருந்து புதிய கருவிகள் வந்தன. அவற்றைப் பேண ஹென்றி பரோ என்னும் கருவி வல்லுநரும் வந்தார். அவருடன் சேர்ந்து பழுதுபார்த்தும் புதுப்பித்தும் பணியாற்றிய முஹ்ஸின் ஹுஸைனின் கூர்மதியை எவரெஸ்ட் எழுத்திலேயே பாராட்டினார். பரோ விலகிய பின்னர், 1843-இல் கணிதக் கருவி வல்லுநர் என்னும் அதே பொறுப்பு முஹ்ஸின் ஹுஸைனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் வகித்த பொறுப்பில், ஐரோப்பியப் பயிற்சிக் கூடம் எதிலும் பயிலாத ஓர் ஆற்காட்டுக்காரர் அமர்ந்தார்.

தியோடலைட்டின் வட்டத்தில் 360 பாகைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகையும் 60 கலைகள், ஒவ்வொரு கலையும் 60 விகலைகள். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு விகலைப் பிழை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விலகலைத் தரும். வட்டத்தில் கீறிய கோடுகள் மயிரிழை பிசகினாலும் மலையின் உயரம் மாறும். 1850-களில் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 29,002 அடி எனக் குறித்த கணக்கின் பின்னால் ராதாநாத் சிக்தார் போன்ற கணித வல்லுநரின் உழைப்பு இருந்தது. இத்துறையின் கருவிகளைச் செம்மையாக வைத்திருந்த முஹ்ஸின் ஹுஸைன் போன்றோரின் உழைப்பும் அதற்கு முன்நின்றது. சிகரத்துக்குச் சூட்டப்பட்டதோ துறைத் தலைவரின் பெயர்.

அதற்கும் முன்னர்

நிலத்தை அளந்து உலகின் அளவை அறியும் முயற்சி பரங்கிமலையில் தோன்றியதன்று. கிரேக்கர் முயன்றனர். பின்னர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மஃமூன், வானியலாளரை ஸிஞ்சார் சமவெளிக்கு அனுப்பினார். ஒரு குழு வடக்கு நோக்கியும் மற்றொன்று தெற்கு நோக்கியும் கயிறு பிடித்து அளந்தவாறே நடந்தன. துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நடந்த தொலைவு, பூமியின் சுற்றளவில் 360-இல் ஒரு பங்கு. 56⅔ அரபு மைல் என்னும் விடை நூல்களில் பதிவாகியுள்ளது.

973-இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பீரூனி (ரஹ்) பாலைவனத்தில் நடக்காமலே விடை காண முனைந்தார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகில், ஒரு மலையின் உயரத்தை முதலில் இரு கோணங்களால் கணக்கிட்டார். பின்னர் உச்சியில் நின்று, அடிவானம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். மலையின் உயரம், தாழ்வுக் கோணம் ஆகிய இரண்டையும் கொண்டு பூமியின் ஆரத்தை வருவித்தார். இதற்குத் தேவையான கணிதம் பத்தாம் வகுப்பின் முக்கோணவியல்தான்.

அவருடைய விடை இன்றைய அளவுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கியது என்று நாம் மேடைகளில் கூறுகிறோம். ஆனால் அவர் பயன்படுத்திய முழத்தின் சரியான நீளம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடிவானத்தை நோக்கும்போது காற்றில் ஒளி வளைவதால் கோணத்தில் பிழை நேர்வதும் இயல்பு. இவற்றையும் சேர்த்துச் சொல்வதால் அல்பீரூனியின் மதிப்பு குறைந்துவிடாது. அவருடைய பெருமை அவர் வகுத்த வழியில் இருக்கிறது. பிழையின் மூலத்தைத் தேடக் கற்பிக்கும் நல்ல பாடமும் அதுவே.

நம் கூட்டங்களில், கேமரா முதல் கடிகாரம் வரை அனைத்தும் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்று பட்டியல் வாசிக்கப்படுகிறது. கேட்கும் பிள்ளை கைதட்டுகிறான். வீட்டுக்குச் சென்று ஒரு கோலை நட்டு அதன் நிழலை அளப்பதில்லை. முன்னோர் செய்ததைச் செய்து பார்க்காதவனுக்கு முன்னோரின் பெயர் ஒரு மனப்பாடம் மட்டுமே.

மொட்டை மாடியில் ஒரு கோல்

செய்து பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ஒரு மீட்டர் உயரமுள்ள நேரான கோலை மொட்டை மாடியில் நிறுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு கொண்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். தரை சமமா என்று ரசமட்டத்தால் சோதியுங்கள். முற்பகல் 11.30 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். மிகக் குறுகிய நிழல்தான் அன்றைய உச்சி. அது 12 மணிக்கு வராது என்பதே பிள்ளையின் முதல் கண்டுபிடிப்பு.

காரணத்தைப் பிறகு விளக்கலாம். இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கக்கோட்டைக் கொண்டு அமைந்தது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் நம் உச்சிக்குச் சராசரியாக ஒன்பது, பத்து நிமிடம் பிந்தி வருகிறது. சங்கிலி விரிந்த அதே 1802-ஆம் ஆண்டில், சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், சென்னையின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது என நிறுவினார். இன்றைய இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம். இடையிலுள்ள ஒன்பது நிமிடம் உங்கள் மாடியிலேயே தென்படும். மேலும் பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் உச்சிநேரம் ஆண்டு முழுவதும் மாறும். பிப்ரவரி நடுவில் 12.24-ஐ ஒட்டியும் நவம்பர் தொடக்கத்தில் 11.53-ஐ ஒட்டியும் அமையும். பள்ளிவாசல் சுவரிலுள்ள அட்டவணையில் லுஹர் நேரம் ஏன் முன்னும் பின்னும் நகர்கிறது என்னும் கேள்விக்கு விடை இதில் உண்டு.

நிழலின் நீளமும் பேசும். மார்ச் 21-ஐ ஒட்டி உச்சிநிழல் வடக்கு நோக்கிச் சுமார் 23 சென்டிமீட்டர் இருக்கும். டிசம்பர் 22-ஐ ஒட்டி அது 74 சென்டிமீட்டராக வளரும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நிழலே இராது. ஜூன் 21-ஐ ஒட்டி 18 சென்டிமீட்டர் நிழல் தெற்கு நோக்கி விழும். அஸ்ருடைய நேரத்துக்கு ஷாஃபிஈ மத்ஹபில் நிழலின் ஒரு மடங்கும் ஹனஃபீ மத்ஹபில் இரு மடங்கும் கணக்கிடும்போது, இந்த உச்சிநிழலை ஏன் தனியே கழிக்கிறோம் என்பதை ஃபிக்ஹ் வகுப்பில் நான் விளக்கும்போதெல்லாம் கரும்பலகையைவிடக் கோலே எளிதில் புரியவைக்கிறது.

மார்ச் 21 அன்று கன்னியாகுமரியில் உள்ள உறவினரின் பிள்ளை இதே போன்ற கோலை நட்டால், அங்கு நிழல் சுமார் 14 சென்டிமீட்டர் இருக்கும். 23 சென்டிமீட்டர் நிழல் 13 பாகை, 14 சென்டிமீட்டர் நிழல் 8 பாகை. வேறுபாடு 5 பாகை. இரு இடங்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள நேர்த்தொலைவு சுமார் 555 கிலோமீட்டர். 5 பாகை என்பது வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. 555-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர். மஃமூனின் அறிஞர்கள் பாலைவனத்தில் நடந்து தேடிய விடையை இரு பிள்ளைகள் ஒரு தொலைபேசி அழைப்பில் பெறுவர். ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தால் விடை எவ்வளவு மாறும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். அதுவே இப்பாடத்தின் மையம்.

மினாராவின் உயரம் காண்பது இன்னும் எளிது. பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, அதன் நடுவிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கோணமானி ஆகிவிடும். குழல் வழியே உச்சியைப் பார்த்தவாறு பின்னால் நடந்து, 45 பாகை வரும் இடத்தில் நிற்க வேண்டும். மினாராவின் அடியிலிருந்து அவ்விடம் வரையுள்ள தூரத்துடன் பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டினால் மினாராவின் உயரம். குழல் வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது என்று முன்பே எச்சரித்துவிடுங்கள்.

தந்தையின் கையிலுள்ள கருவி

ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் ‘அளவீடு’. அதில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் வருகின்றன. திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்று பிள்ளைகள் ஒப்புவிக்கின்றனர். மாலையில் மக்தபுக்கு வரும் மாணவர் சிலரிடம், அதை எங்கே பயன்படுத்துவர் என்று கேட்டால் விழிக்கின்றனர். அவர்களுள் சிலருடைய தந்தையர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டர்னராகவோ ஃபிட்டராகவோ வேலை செய்பவர்கள். பிள்ளை திருகு அளவி என்று படிக்கும் அதே கருவியைத் தந்தை மைக்ரோமீட்டர் என்னும் பெயரில் நாள்தோறும் கையில் பிடிக்கிறார். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அவருடைய பொருள் திருப்பி அனுப்பப்படும். பாடநூலும் பட்டறையும் ஒரே வீட்டுக்குள் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன.

1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளில் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை எழுந்தது. அன்றிலிருந்து இப்பகுதி துல்லியமாக அளக்கத் தெரிந்த கைகளின் ஊராக இருந்து வருகிறது. இருந்தும் நம் வீடுகளில் கைவேலை என்றால் ஒரு தாழ்வெண்ணம் நிலவுகிறது. ‘நான்தான் கையெல்லாம் ஆயிலோடு நிற்கிறேன், நீயாவது படித்து முன்னேறு’ என்று தந்தை சொல்கிறார். அன்பில் பிறந்த சொல்தான். ஆனால் கை வேறு, படிப்பு வேறு என்று அச்சொல் பிள்ளைக்குக் கற்பித்துவிடுகிறது. செய்முறை வகுப்பைப் பதிவேடு நிரப்பும் வேலையாகக் கருதும் மனநிலை இங்கிருந்தே தொடங்குகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் கடினம் என்று விலகும் பிள்ளைகளுள் பலர் அறிவியலை ஒருநாளும் கையால் தொட்டதில்லை.

முஹ்ஸின் ஹுஸைனின் வாழ்க்கை இவ்விடத்தில்தான் நமக்குத் தேவைப்படுகிறது. நகைக்கடையில் பழகிய விரல்களே அவரை ஒரு துணைக்கண்ட அளவைப் பணியின் கருவி வல்லுநராக உயர்த்தின. அத்துடன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: அவ்விரல்களுக்கு ஒரு கணிதப் பள்ளியின் வாசலும் திறந்திருந்தால் அவர் எங்கே சென்றிருப்பார்? இன்று நம் பிள்ளைகளுக்கு அவ்வாசல் திறந்திருக்கிறது. கையையும் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. விடுமுறை நாளில் தந்தை மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது, சுழிப்பிழையை எப்படிப் பார்ப்பது என்று மகனுக்கும் மகளுக்கும் காட்டலாம். தலைமுடி ஒன்றின் தடிமனையும் ஒரு தாளின் தடிமனையும் அளக்கச் சொல்லலாம். ஒரே பொருளைப் பத்து முறை அளந்து, விடைகள் ஏன் சிறிது மாறுகின்றன என்று பேசலாம். தாய் தையல் வேலை செய்பவரானால் அவருடைய இஞ்சு நாடாவும் சமையலறைத் தராசும் அதே பாடத்தின் பகுதிகளே. பள்ளி ஆசிரியர்கள் இசைந்தால் இத்தகைய தந்தையர் ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். மாணவரைப் பரங்கிமலைக்கு அழைத்துச் சென்று, தெற்கே பெரும்பாக்கம் எத்திசை என்று காட்டலாம். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அனுமதி பெற்று அதையும் காட்டலாம்.

அளவு நம் மார்க்கத்தில் அற்பமான விஷயமன்று. அளவில் குறைப்போரைக் கண்டிப்பதுடன் தொடங்கும் ஓர் அத்தியாயமே அல்குர்ஆனில் உண்டு. கடைத்தெருவில் படியைக் குறைப்பது மோசடி என்றால், செய்முறைப் பதிவேட்டில் அளக்காத எண்ணை எழுதுவதும் அதே வகையைச் சேர்ந்ததே. எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக எண்ணைத் திருத்தும் பழக்கம் பதினான்கு வயதில் தொடங்கினால் நாற்பது வயதில் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வந்த விடையை வந்தபடியே எழுதி, அது ஏன் வந்தது என்று தேடும் பிள்ளை அறிவியலையும் அமானிதத்தையும் ஒன்றாகக் கற்கிறான்.

இன்னும் சில மாதங்களில் உங்கள் மாடியில் நிழல் நீளும், குறுகும், ஒருநாள் மறைந்தே போகும். அந்நாளில் கோலின் அருகில் உங்கள் பிள்ளை சாக்பீஸுடன் நிற்கட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நேர்மையான கைகளையும் வழங்குவானாக. ஆமீன்.